நான்கு இறக்கையும் ஒரே பக்கம்

தராசுக்காரர் ஒரு ட்ரோன் செய்தார். செய்ததோடு நிறுத்தியிருக்கலாம். அதைச் சட்டப்படி பறக்கவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

தராசுக்காரர் என்றால் தராசு விற்பவர் இல்லை. கடைகளிலும் கிடங்குகளிலும் இருக்கிற மின்னணுத் தராசுகளைப் பழுதுபார்ப்பவர். முப்பது வருடமாக அதே வேலை. கிராம் கணக்கில் பொய் சொல்லும் இயந்திரங்களை உண்மை பேசவைக்க அவருக்குத் தெரியும். மனிதர்களிடம் அந்த வித்தை செல்லுபடியாகாது என்பதும் தெரியும். அவர் மனைவி, காது கேட்கும் கருவிகளைச் சரிசெய்யும் கடையில் இருக்கிறாள். கடுகு அளவு பாகத்திலும் கை நடுங்காமல் பற்றவைப்பாள். இரண்டு பேருமாகச் சமையலறை மேசையில் உட்கார்ந்து பதினான்கு மாதத்தில் அந்த ட்ரோனைச் செய்து முடித்தார்கள். ஒரு சாண் அகலம். நான்கு கை, ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு மோட்டார், மோட்டாரின் தலையில் ஓர் இறக்கை, நடுவில் மூளையாக ஒரு சின்னப் பலகை. எல்லாம் சேர்த்து இருநூற்று நாற்பது கிராம். தராசுக்காரர் வீட்டுத் தராசில் இருநூற்று நாற்பது என்றால் அது இருநூற்று நாற்பதுதான்.

அவரைப்போல் பயந்து பயந்து ட்ரோன் செய்தவர் உலகத்தில் இருக்க மாட்டார். இறக்கையைக் கழற்றாமல் வீட்டுக்குள் பேட்டரியைச் சொருக மாட்டார். பேட்டரியில் சார்ஜ் ஏறும் வரை பக்கத்தில் நாற்காலி போட்டுக் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருப்பார். ரிமோட்டை அணைத்தால் மோட்டார் தானாக நிற்கிறதா என்று எத்தனையோ முறை சோதித்தார். இறக்கை யார் விரலிலும் படாதபடி நான்கையும் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் வளையம் மாட்டினார்.

"நம்ம பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தப்பகூட நீங்க இப்படி முழிச்சுக்கிட்டு உக்காரலைங்க" என்றாள் மனைவி.

"அவ தீப்பிடிச்சு எரிய மாட்டாளே" என்றார் தராசுக்காரர்.

இத்தனை பொறுமைசாலிக்கு ஒரே ஒரு அவசரம் இருந்தது. அவருடைய கண் நரம்பு வாடிக்கொண்டு வந்தது. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும் என்றும், ஒரு வருடம், கூடிப்போனால் ஒன்றரை வருடம் கழித்து வானத்தில் சின்னதாக ஒன்று நகர்ந்தால் அதைப் பிடித்துப் பார்க்க முடியாது என்றும் கண் டாக்டர் சொல்லியிருந்தார். மருந்து, இருக்கிற பார்வையைக் கொஞ்சம் இழுத்துப்பிடிக்கும், போனதைக் கொண்டுவராது. தன் கையால் செய்தது தன் தலைக்கு மேலே நிற்பதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. மேலே இருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் பறக்கவிட வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. அந்த ஒரு சட்டத்தோடு அவருக்குச் சண்டையே இல்லை.

ஆகவே அவர், தாழ்வாகப் பறப்பவற்றுக்கு அனுமதி கொடுக்கிற தாழ்வானக் கண்காணிப்பு வாரியத்துக்குப் போனார்.

வாரியம் ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. வானத்தைக் கண்காணிக்கிற அலுவலகத்துக்கு ஒரு சன்னல்கூடக் கிடையாது. மனு வாங்கும் கண்ணாடித் தடுப்புகளுக்கு மட்டும் சன்னல் என்று பெயர் வைத்திருந்தார்கள். மூன்றாம் சன்னலில் ஓர் அம்மாள் இருந்தார். நல்லவர். நல்லவர்கள் இருக்கும் அலுவலகத்தில் நமக்கு இரட்டிப்பு அலுப்பு, திட்டக்கூட முடியாது.

ஆளில்லாத் தாழ்வானூர்தி அனுமதி மனு முப்பத்தொரு பக்கம். பெரிய விமானங்களுக்கு எழுதிய மனுவை எடுத்து, தலைப்பில் மட்டும் 'ஆளில்லா' என்று சேர்த்திருந்தார்கள். அவசரக் கதவுகள் எத்தனை, கழிப்பறை முன்பக்கமா பின்பக்கமா, பணிப்பெண்களுக்கு எத்தனை மொழி தெரியும் என்றெல்லாம் கேட்டிருந்தது. தராசுக்காரர் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று பொறுமையாக எழுதினார். பயணிகள் எண்ணிக்கை என்ற இடத்தில் பூஜ்யம் போட்டார். அம்மாள் அதை நகத்தால் தட்டினார்.

"பூஜ்யம் போட்டா கம்ப்யூட்டர் எடுக்காது சார். கொறஞ்சது ஒண்ணாவது இருக்கணும்."

"ஒரு சாண் அகலம்மா இது. இதுல யாரு ஏறுவா?"

"ஏறுறாங்களா இல்லையான்னு நான் கேக்கவே இல்லையே. ஒரு பேரு, ஒரு எடை. வீட்ல யாராச்சும் இருப்பாங்கல்ல?"

பின்னால் பதினெட்டு பேர் நின்றார்கள். தராசுக்காரர் மனைவியின் பெயரை எழுதினார். எடை அறுபத்தொரு கிலோ என்று எழுதும்போது, வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சொல்வது என்ற கவலைதான் அவருக்கு அதிகமாக இருந்தது.

ஐந்து வாரம் கழித்து வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. தங்கள் ஊர்தியின் மொத்த எடை அறுபத்தொரு கிலோ இருநூற்று நாற்பது கிராம் என்பதால் அது பொழுதுபோக்குப் பிரிவில் வராது என்றும், தாங்கள் பயன்படுத்தவிருக்கும் ஓடுபாதையின் நீளத்தைத் தெரிவிக்குமாறும் கேட்டிருந்தார்கள். தராசுக்காரர் அரை நாள் விடுப்புப் போட்டு மூன்றாம் சன்னலுக்கு ஓடினார்.

"பயணியை எடுத்துடலாம் சார், தப்பில்ல" என்றார் அம்மாள். "ஆனா பயணி மனசார ஒத்துக்கிட்டுத்தான் இறங்கினாங்கன்னு ஒரு கடிதம் வேணும். நாளைக்கு அவங்க வந்து, என்னைப் புடிச்சுத் தள்ளிட்டாங்கன்னு சொல்லிடக் கூடாதுல்ல?"

மனைவி அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்தாள். 'நான் மேற்படி ஊர்தியில் ஏறவே இல்லை. ஏறாத நான் அதிலிருந்து இறங்குவதற்கு முழு மனதுடன் சம்மதிக்கிறேன். இறங்கும்போது எனக்குக் காயம் எதுவும் படவில்லை.' கடைசி வரி அம்மாள் சொல்லி அனுப்பியது. எழுதி முடித்துவிட்டு மனைவி கணவரைப் பார்த்தாள்.

"அறுபத்தொண்ணுன்னு யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

அவர் தராசுக்காரர். அந்தக் கேள்விக்கு அவரால் பொய் சொல்ல முடியவில்லை, உண்மையும் சொல்ல முடியவில்லை. எழுந்து பேட்டரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கடிதம் கிணற்றில் போட்ட கல்லாக மூன்று மாதம் கிடந்தது. அதற்குள் தராசுக்காரர் கதவு நிலையில் இரண்டு முறை தோளை இடித்துக்கொண்டார். மேசையின் வலது ஓரத்தில் வைத்த டீயைத் தட்டிவிட்டார். தட்டிவிட்டது அவர்தான் என்று அவருக்கே தெரியாமல், "யாரு இங்க வெச்சது?" என்று கேட்டார். மனைவி துணி எடுத்து வந்து துடைத்தாள்.

பிறகு எடை பார்க்கக் கூப்பிட்டார்கள். பொழுதுபோக்குப் பிரிவுக்கு எல்லை இருநூற்றைம்பது கிராம். வாரியத்தின் தராசில் ட்ரோனை வைத்ததும் இருநூற்று ஐம்பத்தாறு என்று காட்டியது. தராசுக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. குனிந்து பார்த்தார். தராசு மட்டமாகவே நிற்கவில்லை, ஒரு காலுக்கு அடியில் மடித்த காகிதம் இருந்தது. சட்டைப் பையிலிருந்து தன் எடைக்கல்லை எடுத்து வைத்தார். நூறு கிராம் கல்லுக்கு நூற்றுப் பதினாறு காட்டியது.

"சார், இது பதினாறு கிராம் கூடக் காட்டுது. ரெண்டு நிமிஷம் கொடுங்க, சரி பண்ணித் தர்றேன். இதான் என் தொழிலே" என்றார்.

எடை பார்க்க வந்தவர் சோதனையாளர். இடுப்பில் இரும்பு அளவுகோலைச் சொருகியிருப்பார், பேசும்போது அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர் என்று வாரியத்தில் அவருக்குப் பெயர்.

"வாரியத் தராசை வெளி ஆள் தொடக்கூடாது. இது ஒன்பது வருஷமா இங்க இருக்கு. உங்க கல்லுதான் தப்பா இருக்கும்."

"இது அரசாங்க முத்திரை போட்ட கல்லு சார்."

"அது வேற துறை" என்றார் சோதனையாளர். "எதையாவது கழட்டுங்க. ஆறு கிராம் கொறஞ்சா போதும், நான் கையெழுத்துப் போட்டுர்றேன்."

கழற்றுவதற்கு என்ன இருக்கிறது? மோட்டாரைக் கழற்ற முடியாது, மூளையைக் கழற்ற முடியாது. இறக்கைகளைச் சுற்றியிருந்த வளையங்கள்தான் மிச்சம். பன்னிரண்டு கிராம். யார் விரலும் வெட்டுப்படக் கூடாது என்று அவர் சேர்த்த பன்னிரண்டு கிராம் அது. அதைக் கழற்றியதும் தராசு இருநூற்று நாற்பத்துநான்கு காட்டியது. சோதனையாளர், 'பாதுகாப்பு எடை வரம்புக்குள் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தராசுக்காரர் நான்கு வளையங்களையும் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

அடுத்தது பயிற்சி வகுப்பு. மூன்று நாள், காலை முதல் மாலை வரை. வகுப்பறையில் ஒரு ட்ரோன்கூட இல்லை, பாதுகாப்புக் கருதி அனுமதிப்பதில்லை என்றார்கள். கையில் ஒரு அட்டையைக் கொடுத்து அதை ட்ரோனாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இருபத்திரண்டு பேர், எல்லாம் ஐம்பது தாண்டியவர்கள், அட்டையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சுவரோரமாக மெதுவாக நடந்தார்கள். தராசுக்காரரின் அட்டை வலப்பக்கம் நின்ற ஒரு பல் டாக்டரின் அட்டையில் இடித்தது. விபத்து அறிக்கை எழுத வைத்தார்கள்.

மூன்றாம் நாள் வாரியத்தின் இயக்குநர் வந்து பேசினார். வயிறும் குரலும் ஒரே அளவு கனம்.

"நண்பர்களே, நம்ம வாரியம் ஆரம்பிச்சு ஒன்பது வருஷம் ஆச்சு. இந்த ஒன்பது வருஷத்துல ஒரு விபத்து உண்டா? ஒருத்தருக்கு ஒரு கீறல் உண்டா? கிடையாது! வெளிநாட்டுல இருந்தெல்லாம் வந்து கேக்குறாங்க, எப்படி சார் சாதிச்சீங்கன்னு. நான் ஒளிவுமறைவு இல்லாம சொல்றேன். ஒன்பது வருஷத்துல ஒருத்தருக்குக்கூட நாங்க அனுமதி கொடுக்கல. கொடுக்கக் கூடாதுன்னு இல்ல. தகுதியான ஆள் வரணும்னு காத்துக்கிட்டிருக்கோம். பறக்கறது யாராலயும் முடியும், நண்பர்களே. ஒரு காக்கா பறக்குது. பறக்காம இருக்கறதுக்குத்தான் கட்டுப்பாடு வேணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். தராசுக்காரரும் தட்டினார். வருகைப் பதிவேட்டில் கைதட்டலுக்கும் ஒரு கட்டம் இருந்தது.

இப்படியாகப் பதினொரு மாதம் ஓடியது. செருப்பு இரண்டு ஜோடி தேய்ந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி, இறுதிச் சோதனை. வாரியத்தின் முற்றத்தில், அதிகாரிகள் முன்னால் ஊர்தி எழ வேண்டும். எழுந்துவிட்டால் அன்றைக்கே அனுமதி. சோதனைத் தேதி தெரிந்த அன்று மனைவி, பேட்டரி பிளக்கில் விட்டுப்போயிருந்த ஒரு பற்றவைப்பை மறுபடியும் வைத்தாள். "அனுமதி கிடைச்ச அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போயிடலாங்க. நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல நின்னு பாக்குறேன்" என்றாள். தராசுக்காரர் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்.

சோதனைக்கு ஒரு வாரம் முன்பு சோதனையாளர் ட்ரோனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அளவுகோலால் இறக்கைகளை அளந்தார். முகம் கறுத்தது.

"இதென்ன, ரெண்டு ஒரு மாதிரி, ரெண்டு வேற மாதிரி வளைஞ்சிருக்கு?"

"ஆமா சார், அப்படித்தான் இருக்கணும். ரெண்டு மோட்டார் வலப்பக்கமா சுத்தும், ரெண்டு இடப்பக்கமா சுத்தும். நாலும் ஒரே பக்கம் சுத்தினா உடம்பு எதிர்ப்பக்கமா சுத்த ஆரம்பிச்சிடும். அதனால வலத்துக்கு ஒரு இறக்கை, இடத்துக்கு ஒரு இறக்கை."

"விதி பதினாலு. 'ஊர்தியின் அனைத்து இறக்கைகளும் ஒரே வடிவினதாக, ஒரே பக்கம் சுழல்வதாக இருத்தல் வேண்டும்.'"

"சார், அப்படி எந்த ட்ரோனும் கிடையாது."

"விதி இருக்குல்ல?"

அந்த விதி எங்கிருந்து வந்தது என்பதை மூன்றாம் சன்னல் அம்மாள் பிறகு ரகசியமாகச் சொன்னார். வாரியம் தொடங்கிய வருடம், விதி எழுத நியமித்த அதிகாரி, அதற்கு முன்பு அரசாங்கக் கட்டடங்களுக்கு மின்விசிறி வாங்கும் பிரிவில் இருந்தவர். அங்கே எழுதியதையே இங்கேயும் எழுதிவிட்டுப் போய்விட்டார். இறக்கை என்று இருந்தால் போதாதா, அது கூரையில் இருந்தால் என்ன, வானத்தில் இருந்தால் என்ன?

சோதனையாளர் தராசுக்காரரின் இறக்கைகளைக் கழற்றி ஓர் உறையில் போட்டு ஒட்டினார். வாரியம் அங்கீகரித்த நான்கு இறக்கைகளைக் கொண்டுவந்தார். நான்கும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றே, நான்கும் வலம். அவற்றைத் தானே மாட்டினார். மாட்டியதை யாரும் கழற்றாதபடி ஒவ்வொன்றின் தலையிலும் அரக்கு வைத்து முத்திரை குத்தினார். தராசுக்காரர் குறுக்கே வந்தார்.

"சார், இடத்து மோட்டார்ல வலத்து இறக்கை மாட்டினா, அது காத்தைக் கீழ தள்ளாது, மேல தள்ளும். ரெண்டு மூலை தூக்கும், ரெண்டு மூலை அமுக்கும். ரிமோட் குச்சியைத் தொட்ட உடனே கவுந்துரும். எந்தப் பக்கம் எகிறும்னு சொல்லவே முடியாது."

"நீங்க எத்தனை தடவை பறக்க விட்டிருக்கீங்க?"

"ஒரு தடவைகூட இல்லைங்க. அனுமதி இல்லையே."

"அப்போ அனுபவம் இல்லாம பேசாதீங்க" என்றார் சோதனையாளர். வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

சோதனை நாளன்று முற்றத்தில் வட்டமாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒன்பது வருடத்தில் முதல் இறுதிச் சோதனை என்பதால் வாரியமே திரண்டிருந்தது. வட்டத்துக்கு நடுவில் ட்ரோன். நாற்காலிக்கும் ட்ரோனுக்கும் நடுவே மூன்று மீட்டர்கூட இருக்காது. தனியாக ஒரு மூலையில் கயிறு கட்டி, 'முன்னாள் பயணி' என்று எழுதி, அதற்குள் மனைவியை நிற்க வைத்திருந்தார்கள்.

தராசுக்காரர் நேராக இயக்குநரிடம் போனார். நேராகப் போனால்தான் இப்போது அவருக்கு ஆள் முழுசாகத் தெரியும்.

"சார், எல்லாரும் முப்பது மீட்டர் தள்ளி உக்காந்தா நல்லது. வளையமும் இல்ல. இறக்கையும் சரியில்ல. நிமிஷத்துக்கு இருபதாயிரம் சுத்து சுத்தும் சார், பட்டா சதையைக் கிழிச்சிடும்."

இயக்குநர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

"ஐயா, இது பாதுகாப்பு வாரியம். எங்களுக்கே பாதுகாப்பு சொல்லித் தர்றீங்களா? பக்கத்துல உக்காந்து பாத்தாத்தான் பாதுகாப்பா பறக்குதான்னு தெரியும். போங்க, போய் பேட்டரியைச் சொருகுங்க."

விதிப்படி, சோதனையின்போது ரிமோட் வாரியத்தின் கையில் இருக்க வேண்டும். சோதனையாளர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். தராசுக்காரர் குனிந்து பேட்டரியைச் சொருகினார். இறக்கை மாட்டிய ட்ரோனில் அவர் பேட்டரி சொருகியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ட்ரோன் மூன்று முறை கீச்சென்றது. அவர் நிமிரும்போது மூன்றாம் சன்னல் அம்மாள் கோப்போடு பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், பயப்படாதீங்க" என்று காதோடு சொன்னார். "அறிக்கையில ரெண்டே கட்டம்தான். எழுந்தது, எழவில்லை. கவுந்தாலும் சரி, எகிறினாலும் சரி, தரையை விட்டுக் கிளம்பிடுச்சுன்னா எழுந்ததுன்னுதான் டிக் போடணும். நான் அனுமதிச் சீட்டை அடிச்சே கொண்டாந்துட்டேன். பாருங்க."

கோப்பைத் திறந்து காட்டினார். அவர் பெயர், அவர் படம், வாரிய முத்திரை. இயக்குநர் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

இருவரும் வட்டத்தின் ஓரத்துக்கு, சோதனையாளர் பக்கத்தில் வந்து நின்றார்கள். இயக்குநர் பேச எழுந்தார். இது வரலாற்று நாள் என்றார். ஒன்பது வருடம் காத்திருந்த பலன் என்றார். "ஒரு மனிதர் எவ்வளவு பொறுமையா இருக்கலாம்னு இந்த வாரியம் இவருக்குக் கத்துக்கொடுத்திருக்கு. அவர் எங்களுக்கு நன்றி சொல்லணும்னு நான் எதிர்பாக்கல. ஆனா சொன்னா பதிவு பண்ணிக்குவோம்." பேச்சு நீண்டுகொண்டே போனது. நடுவில் ட்ரோன் விளக்குச் சிமிட்டிக்கொண்டு காத்திருந்தது.

தராசுக்காரர் கணக்குப் போட்டார். ஒரு நொடி. அவ்வளவுதான் அது தரையில் இருக்கும், பிறகு எங்கேயாவது எகிறும். யார் மேலும் படாமலும் போகலாம். வட்டத்தில் முப்பது நாற்காலி இருந்தாலும் நடுவில் இடைவெளி இருக்கிறதே. பட்டால்தான் என்ன, முன்வரிசையில் இருப்பது யார்? பதினொரு மாதம் தன்னைப் பந்தாடியவர்கள்தானே. உடைந்தால் வேறு இறக்கை வாங்கிக்கொள்ளலாம். சீட்டு கையில் வந்துவிடும், அடுத்த ஞாயிறு மைதானம், சரியான இறக்கை, தலைக்கு மேலே வானம், இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிற கண். இதை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வெறுப்பாக இருந்தது.

"எந்தக் குச்சி சார்?" என்று சோதனையாளர் மெதுவாகக் கேட்டார்.

"இடது கைக் குச்சி. மேல தள்ளணும்" என்றார் தராசுக்காரர். அவர் வாய்தான் சொன்னது.

கைதட்டல் எழுந்தது. இயக்குநர் உட்கார்ந்து, நன்றாகத் தெரியட்டும் என்று நாற்காலியை இன்னும் ஓர் அடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முகத்தை நீட்டினார். மூன்றாம் சன்னல் அம்மாளும் கோப்போடு வட்டத்துக்குள் குனிந்து பார்த்தார். சோதனையாளர் பெருவிரலைக் குச்சிமேல் வைத்தார்.

தராசுக்காரர் நான்கே எட்டில் நடுவுக்குப் போய்க் குனிந்து பேட்டரி பிளக்கைப் பிடுங்கினார்.

ட்ரோனின் விளக்கு அணைந்தது. சோதனையாளர் குச்சியை மேலே தள்ளினார், கீழே இழுத்தார், மறுபடியும் தள்ளினார். பிறகு இயக்குநரின் குரல் கேட்டது.

"எழவில்லைன்னு போடுங்க."

மூன்றாவது வாரம் ஆணை வந்தது. தராசுக்காரர் கடிதத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு மனைவியிடம் நீட்டினார். அவள் சமையலறை விளக்குக்கு அடியில் நின்று படித்தாள். 'அதிகாரபூர்வச் சோதனையின்போது தாங்கள் வேண்டுமென்றே மின்னிணைப்பைத் துண்டித்து, ஊர்தி எழுவதைத் தடுத்து, கூடியிருந்தோரின் பாதுகாப்புக்குப் பங்கம் விளைவித்தீர்கள். ஆகவே மூன்று ஆண்டுகளுக்குத் தாங்கள் விண்ணப்பிக்கத் தடை விதிக்கப்படுகிறது. அதன்பின், கண் பார்வைச் சான்றிதழுடன் புதிதாக விண்ணப்பிக்கலாம். ஊர்தி வாரியத்தின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்படும்.' ஆணையோடு வாரியத்தின் ஆண்டு மலரும் இருந்தது. அந்த ஆண்டில் தவிர்க்கப்பட்ட விபத்துகள் ஒன்று என்றும், தவிர்த்தவர் இயக்குநர் என்றும் அட்டையிலேயே படத்தோடு போட்டிருந்தார்கள்.

"மூணு வருஷமா?" என்றாள் மனைவி. அவளுக்குக் கோபத்தில் கண்ணீர் வந்துவிட்டது. "மேல எழுதிப் போடலாங்க. சும்மா விடக் கூடாது."

"மேல யாரு இருக்கா? அங்கயும் சன்னல்தான் இருக்கும்" என்றார் தராசுக்காரர்.

மறுநாள் சோதனையாளரே ட்ரோனை எடுத்துப்போக வந்தார். வீட்டில் அவர் வேறு ஆளாகத் தெரிந்தார். இடுப்பு அளவுகோலைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மனைவி கொடுத்த டீயைக் குடித்தார். பற்றவைத்த இடங்களைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்து, "நல்ல கைம்மா உங்களுக்கு" என்றார். ட்ரோனை அட்டைப் பெட்டியில் வைத்து மூடி, ஒப்படைப்புப் படிவத்தை விரித்தார். ஆனால் பேனாவைக் கொடுக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? எழுதறதுக்கு இல்ல, சும்மா எனக்காக. அன்னைக்கு நான் குச்சியைத் தள்ளியிருந்தா நிஜமாவே கவுந்திருக்குமா?"

"கவுந்திருக்கும்."

"எகிறி எங்க மேல வந்திருக்குமா?"

"யாராவது ஒருத்தர் மேல வந்திருக்கும். இயக்குநர் ரொம்பக் கிட்ட இழுத்துப் போட்டிருந்தார்."

சோதனையாளர் நெற்றியைச் சுருக்கி ரொம்ப நேரம் யோசித்தார். மனப்பூர்வமாகப் புரிந்துகொள்ளப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும்.

"எழுந்ததுன்னு டிக் போட்டிருப்பாங்களே சார். சீட்டு கையில வந்திருக்குமே. அப்புறம் ஏன் புடுங்கினீங்க?"

"ஆளுங்க உக்காந்திருந்தாங்களே" என்றார் தராசுக்காரர்.

சோதனையாளர் படிவத்தை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு பேனாவை நீட்டினார். தராசுக்காரர் வாங்கிக்கொண்டு காகிதத்தின்மேல் குனிந்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மனைவி விரல் வைத்துக் காட்டினாள்.